கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்: டர்பனில் ஃபேஷன் பொம்மை சேகரிப்பவர்களுக்குப் போலி பிடிக்கும் வழிகள்

சைனா மால் கடைகளில் தொங்கும் மலிவுப் போலி பார்பியைக் கண்டு ஏமாறும் சேகரிப்பாளர் குறைவு. காலை அழுத்தினால் உள்ளே குழியும், முடியை விலக்கினால் பாதி மண்டை வெறுமையாக இருக்கும், பெட்டியில் எழுத்துப் பிழை தெரியும். பணத்தை இழக்க வைப்பது வேறொரு வகை: அசல் தலை, வேறு ஆண்டின் அசல் உடல், புதிதாக நட்ட முடி, திருத்தி வரைந்த உதடு, எங்கிருந்தோ வந்த உடை. எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து ‘1960களின் அசல், பாட்டி வீட்டிலிருந்து கிடைத்தது’ என்று விற்கிறார்கள். பாகம் ஒவ்வொன்றும் அசல், பொம்மை மட்டும் பொய். இந்தக் குறிப்பில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் விற்பவர்கள் இவற்றைக் கலந்து பேசுவார்கள். பார்பி செய்யும் மேட்டல், பிராட்ஸ் பொம்மைகள் செய்யும் எம்ஜிஏ போன்ற நிறுவனங்களின் பெயரையும் முத்திரையையும் திருடிப் போட்டது போலி. டெஃபா லூசி போலத் தன் சொந்தப் பெயரில் வரும் மலிவுப் பொம்மை, பார்பியைப் போலவே இருந்தாலும், போலி இல்லை. அதைப் பார்பி என்று விற்றால்தான் ஏமாற்று. நிறுவனமே பழைய பொம்மையைத் திரும்பச் செய்து விற்பது மறுவெளியீடு: 1959 பார்பியை மேட்டல் 1994இல் 35ஆம் ஆண்டு நிறைவுக்காக மறுவெளியீடு செய்தது, 2001இல் வந்த பிராட்ஸ் பொம்மைகளை எம்ஜிஏ 2021இல் மறுபடி வெளியிட்டது. இவை முழு அசல்தான். ஆனால் பழையதின் விலைக்கு விற்கப்படும்போது வாங்குகிறவர் தலையில் மிளகாய் அரைத்த கதையாகிவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் லூப், வெள்ளை ஒளி டார்ச், 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான புற ஊதா டார்ச், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, சென்டிமீட்டர் நாடா. எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உறுதியான அசல். நீங்கள் தேடும் வகையிலேயே, சேதமான, விலை போகாத ஒரு பொம்மையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடி வெட்டுப்பட்ட, உடையில்லாத அசல் ஒன்று கையில் இருந்தால், எடையையும் வினைலின் (பொம்மை செய்யும் பிளாஸ்டிக்கின்) கனத்தையும் கைகளே சொல்லிவிடும். புற ஊதா டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். பிள்ளைகளிடம் கொடுக்கவும் வேண்டாம்.

பொம்மையைப் பார்க்கும் வரிசை

பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கழுத்திலிருந்து தொடங்குங்கள். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் சந்தையாக இருந்தாலும், டோங்காட்டில் வீட்டைக் காலி செய்யும் பெரியவரிடமானாலும், ‘ஆன்ட்டி, தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?’ என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழைய வினைல் கழுத்து கிழிந்தால் நஷ்டம் அவருக்கு.

கழுத்து: தலையின் ஓரமும் உடலின் கழுத்துக் குமிழும் சேரும் இடத்தில் கிழிசலோ கீறலோ பசையோ இருக்கிறதா? தலையின் நிறமும் உடலின் நிறமும் நல்ல வெளிச்சத்தில் ஒத்துப்போகின்றனவா? தலையைக் கழற்றி மாட்டியிருந்தால் கழுத்தின் உள் விளிம்பில் வெள்ளைக் கோடுகள் விழலாம். பழைய வினைல் தானாகவும் நிறம் மாறும் என்பதால் சின்ன வேறுபாட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

முதுகு, பிட்டம்: இங்கேதான் பெரிய குழப்பம். முதுகில் ‘1966’ என்று இருப்பதைப் பார்த்து 1966ஆம் ஆண்டு பொம்மை என்று விளம்பரம் போடுபவர்கள் ஏராளம். அது உடலின் வடிவத்துக்குக் காப்புரிமை பதிந்த ஆண்டு. இடுப்பு திரும்பும் உடல் 1967இல் வந்தது, அதன் முத்திரை 1990களில் செய்த பொம்மைகளிலும் தொடர்கிறது. தலையின் பின்புறத்து ஆண்டும் அப்படியே: ‘1976’ என்றிருக்கும் ‘சூப்பர்ஸ்டார்’ பார்பி முகம் 1977இல் கடைக்கு வந்து 1980கள் முழுக்க ஓடியது. ஆகவே முத்திரை ஆண்டு சொல்வது ஒன்றே ஒன்று: பொம்மை அந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது.

அதைவிடப் பயனுள்ளது நாட்டின் பெயர். 1959 முதல் 1970களின் தொடக்கம் வரை முக்கியமாக ஜப்பான். பிறகு தைவான், ஹாங்காங், கொரியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று தொழிற்சாலைகள் மாறின. முதுகில் 1966 முத்திரையும் மலேசியா அல்லது சீனாவின் பெயரும் சேர்ந்திருந்தால் அது 1960களின் பொம்மையாக இருக்க வழியில்லை. முத்திரையின் எழுத்தை லூப்பில் பாருங்கள். அசலில் எழுத்து அச்சிலேயே வார்த்தது, ஓரம் கூர்மையாக இருக்கும். அசலை அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்து மொழுக்கென்று, ஆழம் குறைந்து தெரியும்; வார்ப்புச் சுருங்குவதால் உயரமும் சற்றுக் குறையலாம். பார்பியின் வழக்கமான உயரம் 29 சென்டிமீட்டர் சொச்சம், ஆண் பொம்மையான கென் 30.5. நாடா எடுத்துச் செல்வது இதற்காகத்தான்.

முழங்கால்: மடங்கும் காலுள்ள பார்பியில் வெளியே மெத்தென்ற வினைல், உள்ளே எலும்பு போன்ற கட்டமைப்பு, மடக்கும்போது ‘டிக்’ என்று படிப்படியாக நிற்கும். மலிவுப் போலியின் கால் காற்று ஊதி வார்த்த வெற்றுக் குழாய். இரு பக்கமும் தையல் கோடு போல் இணைப்பு தெரியும், அழுத்தினால் உள்ளே போகும்.

முடி: வகிட்டை விலக்கி மண்டையைப் பாருங்கள். அசலில் துளைகள் ஒழுங்கான வரிசையில், நெற்றி விளிம்பிலும் வகிட்டிலும் நெருக்கமாக இருக்கும். ஒரே தலையில் இரண்டு அளவுத் துளைகள், அல்லது துளைக்குப் பக்கத்தில் வெற்றுத் துளைகள் இருந்தால் முடி திரும்ப நடப்பட்டது. திரும்ப நட்டது குற்றமில்லை, நல்ல கைவேலைக்கு மதிப்பும் உண்டு. அதை மறைத்து விற்பதுதான் தவறு.

முகம்: 1960களின் முகம் வண்ணம் பூசியது. இப்போதைய பார்பி பலவற்றின் கண் டிஜிட்டல் அச்சு, லூப்பில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். ஆகவே புள்ளிகளைப் பார்த்ததும் புதுப் பொம்மையைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய பொம்மையில் புருவமும் உதடும் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். பிற்காலத்துப் பெயிண்ட் பக்கத்திலிருக்கும் அசல் பெயிண்டிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரலாம். ஒளிரவில்லை என்றால் திருத்தமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அசிட்டோன் தேய்த்துப் பார்க்கும் ‘சோதனை’ வேண்டவே வேண்டாம்: அசல் பெயிண்டும் அதில் போய்விடும், வினைலும் கரையும்.

முதல் பார்பி என்று சொன்னால்

1959 மார்ச் 9இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமாகி 3 டாலருக்கு விற்ற பொம்மை இது. சேகரிப்பாளர்கள் முதல் தொகுதிகளை 1, 2, 3 என எண்ணிட்டுக் குறிப்பிடுவார்கள். எண் 1இன் அடையாளம் உள்ளங்கால் துளைகள். கறுப்பு வட்டத் தாங்கியின் இரு கம்பிகள் அதில் நுழையும், துளைக்குள் செம்புக் குழாய் இருக்கும். எண் 2இல் துளை கிடையாது. விலை வித்தியாசம் பெரிது என்பதால் எண் 2, எண் 3 பொம்மைகளின் காலில் துளையிட்டு எண் 1 ஆக்குவது நெடுநாளாக நடக்கும் மோசடி.

டார்ச்சைத் துளைக்குள் அடித்து உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். துளையின் விளிம்பு வார்ப்பிலேயே வந்ததாக வழவழப்பாக இருக்க வேண்டும். துளையிடும் கருவி பட்ட இடத்தில் சுருள் கீறலும் பிசிறும் தெரியும். பிறகு கண்: எண் 1, எண் 2 இரண்டுக்கும் கருவிழி வளையம் வெள்ளை, புருவம் கூர்மையாக வளைந்தது. 1960இன் எண் 3க்குக் கண் நீலம், புருவம் மென்மையான வளைவு. காலில் துளை, கண்ணில் நீலம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று தொகுதிகளின் வினைல் காலப்போக்கில் வெளிறித் தந்த நிறமாகிவிடும். 1960இன் எண் 4 முதல் நிறம் நிலைக்கும் வினைல் வந்தது. தொடக்கத் தொகுதிகளின் உடல் கெட்டியானது, கையில் கனக்கும். இவை எல்லாமே பொருந்த வேண்டும். நான்கில் மூன்று பொருந்துகிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கான தொகை இது இல்லை.

பெட்டியும் பார்கோடும்

கடைகளில் பார்கோடு பயன்பாடு தொடங்கியது 1974இல். ஆகவே 1960களின் பெட்டி என்று காட்டுவதில் பார்கோடோ, இணைய முகவரியோ, சிஇ (CE) என்ற ஐரோப்பியப் பாதுகாப்புக் குறியோ, மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம் என்னும் குறுக்குக்கோடு போட்ட முகக் குறியோ இருந்தால் அது மறுவெளியீட்டின் பெட்டி.

புதிய பெட்டியில் பார்கோடைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க முறையில் 12 இலக்கம். 1, 3, 5, 7, 9, 11ஆம் இடத்து இலக்கங்களைக் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். 2, 4, 6, 8, 10ஆம் இடத்தவற்றைக் கூட்டிச் சேருங்கள். வந்த தொகையை அடுத்த பத்துக்கு நிரப்பும் எண்தான் 12ஆவது இலக்கமாக இருக்க வேண்டும். கணக்குக்காக 8 8 7 9 6 1 5 2 4 3 0 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை இடங்கள் 8+7+6+5+4+0 = 30, மூன்று மடங்கு 90. இரட்டை இடங்கள் 8+9+1+2+3 = 23. மொத்தம் 113, ஆகவே கடைசி இலக்கம் 7. மேட்டலின் பெட்டிகளில் 887961, 746775, 027084 போன்ற தொடக்கங்களும், எம்ஜிஏ பெட்டிகளில் 035051 என்ற தொடக்கமும் அடிக்கடி வரும். கணக்குத் தவறினால் பெட்டி போலி. சரியாக வந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஏனென்றால் அசல் பெட்டியின் பார்கோடை அப்படியே படமெடுத்து அச்சிடுகிறார்கள். அதனால் அடுத்த படி: பெட்டியிலுள்ள பொருள் எண்ணை இணையத்தில் தேடி, அந்த எண்ணுக்குரிய பொம்மைதான் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய மேட்டல் எண் மூன்று ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமுமாக வரும்.

‘திறக்கவே இல்லை’ என்ற பெட்டியில் மூடியின் ஓரத்தை லூப்பில் பாருங்கள். பழைய செல்லோடேப் மஞ்சளாகி, கீழேயுள்ள அட்டையோடு ஒட்டி முதிர்ந்திருக்கும். பளிச்சென்ற புது டேப்பின் கீழே கிழிந்த அட்டை இருந்தால் உள்ளே மாற்றம் நடந்திருக்கிறது. பொம்மையைக் கட்டிய நூல், பிளாஸ்டிக் முள், கம்பி எல்லாம் அட்டையின் துளையிலேயே இருக்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலிடே பார்பி வரிசை 1988இல் தொடங்கியது. 1990களில் அதைச் சேகரிப்பென்றே நினைத்து உலகமெங்கும் வாங்கிப் பெட்டியோடு பத்திரப்படுத்தினார்கள், அதனால் இன்று தட்டுப்பாடே இல்லை. அதைப் ‘படு அரிது’ என்பவர் மற்றவற்றையும் கூட்டித்தான் சொல்வார்.

மான்ஸ்டர் ஹை, பிராட்ஸ், எல்ஓஎல்

2010இல் வந்த மான்ஸ்டர் ஹை பொம்மைகளுக்கு முன்கையும் கைவிரல் பகுதியும் கழன்று மாட்டும். இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழலவே இல்லை என்றால் சந்தேகம். கழன்று வந்தாலும் அந்தக் கதாபாத்திரத்துக்குரிய கைதானா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். கை தொலைந்த பொம்மைக்கு வேறொன்றின் கையைப் பொருத்தி விற்பது சாதாரணம். தலை ஒட்டுவது அசலிலும் உண்டு, உள்ளே முடியைப் பிடிக்க ஊற்றிய பசை கசிவதுதான் காரணம். பிராட்ஸில் காலணியோடு பாதமே கழன்று வர வேண்டும். தலையில் 2001 என்றிருப்பது முன்பு சொன்னதுபோல் ஆண்டைத் தீர்மானிக்காது. 2021 மறுவெளியீட்டைப் பெட்டியைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

உள்ளே சின்னப் பொம்மை ஒளிந்திருக்கும் எல்ஓஎல் உருண்டைகளில் போலி மிக அதிகம். உறை உரியும் பட்டி சரியாகக் கிழியாமை, ஒட்டுப்படத்தில் மங்கிய அச்சு, மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை, தண்ணீரில் போட்டால் எந்த வேலையும் (நிறம் மாறுதல், நீர் துப்புதல் போன்றவை) செய்யாமை ஆகியவை அறிகுறிகள். இவை குழந்தைகள் வாயில் வைக்கும் அளவு சின்னவை. பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதிக்காத பொருளைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

அசலைப் போலி என்று தூக்கி எறிய வேண்டாம்

1990களில் இந்தியா போய்வந்த உறவினர் வாங்கி வந்த சேலை கட்டிய பார்பி நம் வீடுகளில் சிலவற்றில் இன்னும் இருக்கும். பெட்டியில் லியோ மேட்டல் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் போலி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது மேட்டலின் உரிமத்தோடு இந்தியாவில் செய்த அசல். பிரேசிலின் எஸ்ட்ரெலா, ஸ்பெயினின் காங்கோஸ்ட், ஜப்பானின் தகாரா ஆகியவையும் அப்படியே. முகப் பூச்சும் துணியும் அமெரிக்கச் சந்தைப் பொம்மையிலிருந்து வேறுபடும், அதற்காகவே சிலர் இவற்றைத் தேடிச் சேர்க்கிறார்கள். சேலையை அவிழ்த்துத் திரும்பக் கட்டாதீர்கள். தொழிற்சாலைத் தையலும் பின்னும் இருந்த இடத்தில் இருப்பதுதான் மதிப்பு.

காதோரம் பச்சை படிந்திருந்தால் அது பழைய உலோகக் கம்மல் வினைலோடு வினை புரிந்த கறை. கால் பிசுபிசுப்பது வினைலிலிருந்து மென்மையூட்டி கசிவதால். இரண்டும் வயதின் அடையாளம்.

இணையத்தில் வாங்கும்போது

பணம் அனுப்பும் முன் இந்தப் படங்களைக் கேளுங்கள், ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில்:

1. தலையின் பின் முத்திரை, முடியை விலக்கி
2. முதுகும் பிட்டமும், உடை இல்லாமல்
3. கழுத்துச் சந்திப்பு, தலையை ஒரு பக்கம் திருப்பி
4. இரு உள்ளங்கால்கள்
5. வகிடும் நெற்றி விளிம்பும்
6. முகம் நேராக, மிக நெருக்கத்தில்
7. உடையின் உட்பக்கம், பெயர்ப் பட்டை தைத்த இடம்

கடைசிப் படம் ஏன் என்றால், கிழிந்த பழைய உடையின் மேட்டல் பட்டையை வெட்டிப் புதுத் துணியில் தைப்பார்கள். பட்டையின் தையல் நூல் உடையின் மற்ற நூலோடு ஒத்திருக்க வேண்டும். அன்றைய தேதியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படமும் கேளுங்கள். மறுப்பவரிடம் பொம்மையே இல்லாமலிருக்கலாம்.

இஎஃப்டி (இணையவழி வங்கிப் பணமாற்று) போட்ட பணத்தை வங்கி திருப்பி வாங்கித் தருவது அரிது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பார்த்தவரை மால் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நேரில் சந்தித்து, மேலே சொன்ன வரிசைப்படி பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கூரியரில் வந்தால் பொட்டலத்தை மூடியிருக்கும் நிலையிலிருந்து, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்தபடி பிரியுங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை நிற்கும். இணையக் கடையில் வாங்கினால், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டப்படி பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், திருப்பியனுப்பும் செலவு உங்களுடையது. ஏலத்தில் எடுத்ததற்கு இது செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்ப உரிமை தருகிறது, ஆனால் விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கியிருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும் தனியாள் இதில் வரமாட்டார். அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்பதற்குச் செய்திகள் கையில் இருந்தால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது: 20,000 ரேண்ட் வரை, வழக்கறிஞர் இல்லாமல். அதனால் பேச்சு வார்த்தையை எல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘1959 அசல்தானே?’ என்று கேட்டு ‘ஆம்’ என்ற பதிலை வாட்ஸாப்பில் வாங்குவது ஒரு வரி வேலை.

போலி உங்கள் கைக்கு வந்துவிட்டால் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். 1997ஆம் ஆண்டின் 37ஆம் எண் கள்ளப் பொருட்கள் சட்டப்படி போலியை வியாபாரமாகக் கைமாற்றுவது குற்றம். முதல் முறைக்கே ஒரு பொருளுக்கு 5,000 ரேண்ட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. உடலின் உட்பக்கத்தில் அழியாத மையால் ‘போலி’ என்று எழுதி ஒப்பிடும் பொம்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் புழுக்கத்தில் வைப்பது

இங்கே கோடை ஈரம் உடையின் கொக்கியைத் துருவேற்றும், துணியில் பூஞ்சை பிடிக்கும். மூடிய பெட்டியில் நிறம் மாறும் வகைச் சிலிகா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டை போடவே கூடாது, நாஃப்தலீன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். கற்பூரமும் அருகில் வேண்டாம். சாம்பிராணிப் புகை முடியில் ஏறினால் இறங்காது, ஆகவே சாமி அறை அலமாரியைத் தவிர்த்துவிடுங்கள். கருநிற உடையைப் பொம்மையின் மேலேயே வருடக்கணக்கில் விட்டால் சாயம் வினைலில் இறங்கும். இடையில் அமிலமில்லாத வெள்ளைத் தாள் வையுங்கள்.

வாங்கிய அன்றே ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: தலை முத்திரை, உடல் முத்திரை, நாடு, எடை, உயரம், மாற்றப்பட்டதாகத் தெரியும் பாகங்கள், விற்றவர் எழுதித் தந்த வாக்கு. பின்னாளில் நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் கேட்கப்போகும் கேள்விகளும் இவையே. முடி நட்டதையும் கை மாற்றியதையும் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொல்லியே விற்றுவிடலாம்.